என்னைத் தோற்கடித்தவரின் கூலி

மாத்தளை
12.3.1969

அன்புள்ள மகள் இராஜகுமாரிக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, அதுவும் படி ஏறும்போது மட்டும்தான். லூசாக்காவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க முத்துமாரியம்மனிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நம் கராம்பு வழக்கு முடிந்தது, நான் தோற்றேன். இரத்தோட்டையிலிருந்து கராம்பு பறிக்க வந்த மாரிமுத்துதான் மூட்டையைத் தூக்கினான் என்று நான் சொல்லி அவன் இரண்டு மாதம் மறியலில் கம்பி எண்ணினான். வாதாட அப்புக்காத்து வைக்க அவனிடம் வழியில்லை என்று கோர்ட்டே ஒருவரை நியமித்தது, யாரென்று பார்த்தால் உன்னோடு படித்த கைறுன்னிஸாவின் தம்பி ஸஹாப்தீன். முகத்தைக் கண்டீங்களா மாமி என்று கேட்டார். கண்டதாகத்தான் பொலிஸில் எழுதியிருந்தது, ஆனால் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் சத்தியம் செய்துவிட்டுப் புளுகுவதா, முதுகைத்தான் கண்டேன், ஆனால் நன்றாகக் கண்டேன் என்றேன். கோர்ட்டே சிரித்தது. மாரிமுத்து வீட்டுக்குப் போனான்.

அதைப் பொறுத்துக்கொண்டேன். நாலு முறை வந்து வாதாடிய ஸஹாப்தீனுக்கு அரசாங்கம் கொடுத்தது இருபத்தைந்து ரூபாயாம். நம் பியானோவுக்குச் சுருதி சேர்க்க வருகிறவரே நாற்பது வாங்குகிறார், அப்புறமும் இரண்டு கட்டை ஊமைதான். என்னைத் தோற்கடித்தவருக்கே இருபத்தைந்து என்றால் என் மதிப்பு என்ன? அவரோ கறுப்புக் கோட்டை மடித்து வைத்துவிட்டு வாப்பாவின் கடையில் உட்காரப் போகிறாராம், பிறகு மாரிமுத்து போன்றவர்களுக்காக யார் எழுந்து பேசுவது? கூலியைக் கூட்டச் சொல்லிக் கொழும்புக்கு எழுதினேன், உதவி பெற்றவரே எழுதவேண்டும் என்று பதில் வந்தது. ஆகவே மாரிமுத்துவின் பெயரில் நானே மனு எழுதி, அவனைக் கூப்பிட்டுக் கைநாட்டு வைக்கச் சொன்னேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, போலீசுல வச்ச கைநாட்டே போதுங்கம்மா, எங்க வக்கீல் ஐயா பாக்காம இனி எதுலயும் வெரல் வைக்க மாட்டேங்க என்றுவிட்டான். ஸஹாப்தீனை வரவழைத்தேன். இரண்டு முறை வாசித்துவிட்டு, இதுல வைக்காதீங்க மாரிமுத்து என்கிறார். மாரிமுத்து சொல்வதுபோல், நான் அம்மாவின் கராம்பைத் திருடியபோது எனக்காகப் பேசிய அப்புக்காத்து என்று எழுதியிருந்தேன், அதுதான் குற்றமாம். தம்பி, உங்கள் கூலி கூடுவதற்கான காகிதம் இது என்றேன். அது வேற மாமி, இவர் என் கட்சிக்காரர் என்றார். ஒரே ஆளிடம் இரண்டாவது முறையும் தோற்றேன். அந்த வரியை எடுத்துவிட்டு மனுவைப் புதிதாக எழுதினேன், கைநாட்டும் விழுந்தது. முதல் மனுவில் கூலி நூறு ரூபாய் கேட்டிருந்தேன், இதில் இருநூறு என்று போட்டேன்.

பதில் வரும்வரை தம்பியைக் கடைப் பக்கம் விடவேண்டாம் என்று கைறுன்னிஸாவுக்கு நீ மறக்காமல் ஒரு வரி எழுது. பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். எல்லாரும் தீர்க்காயுசாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா