பதவி வரிசைப்படி நினைவகம்

நீ போன செய்தி கேட்டு, முந்தாநாள் உன் மகனுக்கு இரங்கல் எழுதிக்கொண்டிருந்தேன், போனில். நான்கு வரி எழுதியிருப்பேன். நடுவில் யாரோ அழைத்து வீட்டுமனை வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினால் எழுதியது இல்லை. வீட்டுமனைக்காரருக்கு இடம் கொடுப்பதற்காக என் இரங்கலை போன் வெளியே தள்ளியிருந்தது. நினைவகத்தில் இடம் போதவில்லை, யாரையாவது அனுப்பியாக வேண்டும், சத்தம் போடாதவனை அனுப்பிவிட்டது. நீ இருந்திருந்தால், "எந்த முட்டாள்டா இந்த போனுக்கு ப்ரோக்ராம் எழுதினது?" என்று கேட்டிருப்பாய்.

அதனால் காகிதத்துக்கு வந்தேன். வந்த பிறகு, மகனை விட்டுவிட்டு உனக்கே எழுதத் தோன்றியது. நீ படிக்க மாட்டாய் என்பது எனக்கு ஒரு வசதி. இத்தனை ஆண்டுகள் உனக்கு எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நீ படித்துவிடுவாய் என்பதுதான்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் வேலை போனதற்கு நீ எழுதிய நிரல்தான் காரணம் என்று கோப்பு சொல்கிறது. கோப்பு பொய் சொல்கிறது. அந்தப் பொய்யில் இரண்டு சொற்கள் என்னுடையவை.

எழுபதுகளின் நடுவில் மரக்காணம் உப்பளத்தை ஒட்டி நம் கடல் கண்காணிப்பு நிலையத்தைக் கட்டினார்கள். ஊரிலேயே குளிர்சாதனம் வைத்த ஒரே கட்டடம், அதுவும் மனிதர்களுக்காக அல்ல. சன்னல் இல்லாத அறையில், இரண்டு பீரோக்களைச் சேர்த்து நிறுத்தியது போல அந்தக் கம்ப்யூட்டர் நின்றது. அதன் நினைவகம் முப்பத்திரண்டு கே. இன்று ஒரு கல்யாணப் பத்திரிகையின் படத்தைக்கூட அதற்குள் வைக்க முடியாது. அதில் ஐந்து வேலைகள் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்று மேலிடம் விரும்பியது. இயந்திரத்தோடு வந்த மென்பொருளுக்கு ஒரே நேரத்தில் ஒரு வேலைதான் தெரியும். மிச்சத்தை நீ எழுதினாய், எட்டு மாதம், தனியாக. இன்று அப்படிப்பட்ட இயங்குதளக் கருவைக் கர்னல் என்கிறார்கள். நாம் மானிட்டர் என்றோம். டைரக்டர் "அந்த பாயோட ப்ரோக்ராம்" என்றார்.

ஐந்து வேலைகளும் சேர்ந்து கேட்கும் இடம், இருக்கும் இடத்தைப் போல இரண்டு மடங்கு. உள்ளே இடமில்லாதவை டிஸ்க்கில் போய்க் கிடக்க வேண்டும். யார் உள்ளே, யார் வெளியே, எப்போது மாற்றுவது என்பதுதான் உன் எட்டு மாதமும். எனக்கு அதை நீ விளக்கியது இயந்திரத்துக்கு முன்னால் அல்ல, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில். பெஞ்சில் நான்கு பேர் உட்காரலாம், நாம் ஆறு பேர் நின்றோம்.

"ஆறு பேரையும் அரை அரையா உக்கார வெச்சா இன்னா ஆவும்? ஆறு பேரும் டீயை மேல ஊத்திக்குவான். ரெண்டு பேரை நிக்க வை. நாலு பேரு நிம்மதியா குடிச்சிட்டு எழுந்திருக்கட்டும். உக்காந்த உடனே எழுப்பவும் கூடாது, ஒரு வாயாவது குடிக்க விடணும்" என்றாய்.

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நிக்கிறது யாருன்றத நீயே சொல்லு பாய். நான் சொன்னா அடி விழும்."

ஐந்தில் ஒரு வேலை மட்டும் வேறு மாதிரி. கரையில் நட்டிருந்த கருவிகளிலிருந்து கடல் மட்டத்தையும் காற்றையும் வாங்கி, முந்தைய அளவுகளோடு ஒப்பிட்டு, ஏறுமுகமாக இருந்தால் மணி அடிக்கும் வேலை. கால் மணிக்கு ஒருமுறை கண்விழிக்கும், அரை நிமிடம் கணக்குப் போடும், தூங்கிவிடும். அதற்கென்று ஒரு சிறு இடத்தை யாரும் தொட முடியாதபடி ஒதுக்கி வைத்திருந்தாய்.

"சும்மாதானேடா கெடக்குது, அந்த எடத்தை மத்தவனுக்குக் குடுக்கலாமே?" என்று நான் கேட்டேன்.

"அது எழுந்திருக்கிறப்போ எடம் தேடிக்கினு நிக்கக் கூடாதுடா."

மணி அடித்தால் மட்டும் மாடியில் சிவப்புக் கொடி ஏற்ற நமக்கு உத்தரவு. கொடியைப் பார்த்தால் உப்பளத்துக்காரர்கள் வாரிக் குவித்த உப்பின் மேல் ஓலை போட்டுக் கட்டி, வரப்பை உயர்த்துவார்கள். அரை நாள் போதும் அவர்களுக்கு. முதல் வருஷம் மூன்று முறை கொடி ஏறியது, மூன்று முறையும் தண்ணீர் வந்தது. தலைமுறையாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நம் மாடியைப் பார்க்கத் தொடங்கினார்கள். உனக்கு அதில் இருந்த பெருமையை நீ மறைக்கவும் இல்லை.

டைரக்டர் அப்போது டாக்டர் பட்டத்துக்காக ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஐந்தில் பெரிய வேலை அதுதான், அவசரமில்லாததும் அதுதான். நெருக்கடி வரும்போதெல்லாம் உன் மானிட்டர் அதை நிற்க வைத்தது. நிற்க வைக்கும்போது அவர் மேசையிலிருந்த டெலிடைப் என்ற தட்டச்சு முனையத்தில் 'வெயிட்' என்று ஒரு சொல் அச்சாகும். ஒருநாள் அந்தக் காகிதத்தைக் கிழித்துக் கையில் பிடித்துக்கொண்டு நம் அறைக்கே வந்தார்.

"என்னய்யா இது? என்னை வெயிட் பண்ணச் சொல்லுது?"

"மெசினுக்கு நீங்க யாருன்னு தெரியாதுங்க சார்."

"தெரியப்படுத்து."

"தெரிஞ்சா அப்புறம் அது வேலை செய்யாதுங்க சார்."

நீ கிண்டலுக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

உன் தங்கையின் நிக்காஹ் திண்டிவனத்தில் நடந்தது. நான்கு நாள் லீவில் போனாய். போன மறுநாளே டைரக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவரை அந்த அறையில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அவருடைய வேலை ஒருபோதும் வெளியே தள்ளப்படக்கூடாது, நிரந்தர இடம் வேண்டும் என்றார். அரை மணி நேரத்தில் செய்துகொடுத்தேன். அடுத்து துணை டைரக்டர் வந்தார்: "ஏம்பா, அவருக்கு மட்டும்தானா?" அவருக்கும் கொடுத்தேன். பிறகு ஸ்டோர்ஸ் அதிகாரி முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மனத்தாங்கல் வேண்டாம் என்று டைரக்டர் ஒரு சுற்றறிக்கை போட்டார். நினைவகம் இனி பதவி வரிசைப்படி பங்கிடப்படும். பதவி உயர்வு வரும்போது பங்கும் உயரும். நாற்காலிக்குக் கைப்பிடி, மேசைக்குக் கண்ணாடி என்று தரம் பார்த்துக் கொடுத்துப் பழகிய அலுவலகம். ஒருவருக்கும் அது வினோதமாகப் படவில்லை. எனக்குப் பட்டது என்று இப்போது எழுதினால், அது இன்னொரு பொய்.

பட்டியலைத் தட்டச்சு செய்த தலைமை எழுத்தர் என்னிடம் வந்து கேட்டார்.

"நாலு பேரு சரியா இருக்குது. இந்த டைட்ன்றது யாருங்க? எந்த கிரேடு?"

"அது ஆள் இல்லீங்க. கடல்."

"அப்ப கடைசில போட்டுடறேன்."

போட்டார். நானும் அப்படியே நிரலில் போட்டேன். அதற்கென்று நீ ஒதுக்கியிருந்த இடம் ஸ்டோர்ஸ் அதிகாரியின் பங்கில் சேர்ந்தது. பங்குகள் போக மிஞ்சிய மூலையில் கடல் மட்ட வேலையும், மற்றவர்களின் பங்கில் அடங்காதவையும் ஒன்றையொன்று நெட்டித் தள்ளின. ஒன்று உள்ளே வந்து கணக்கைத் தொடங்குவதற்குள் மற்றொன்று அதை வெளியே அனுப்பும். அனுப்பியதை மறுபடி கொண்டுவரும். டிஸ்க் காலையிலிருந்து மாலைவரை கடகடத்தது, விளக்குகள் ஓயாமல் மினுக்கின. பார்வையாளர்களிடம் டைரக்டர், "முன்னெல்லாம் இவ்வளவு வேலை நடக்காது" என்றார். நடந்த வேலையெல்லாம் தூக்குவதும் இறக்குவதும்தான்.

லீவு முடிந்து வந்த நீ அறைக்குள்கூட வரவில்லை. வாசலிலேயே டிஸ்க் சத்தத்தைக் கேட்டு நின்றுவிட்டாய்.

"இன்னாடா பண்ணே?"

"ஆர்டர்டா."

"டேப் பெட்டி சாவியைக் குடு."

உன் பழைய நிரல் பதிந்த டேப் அந்தப் பெட்டிக்குள் இருந்தது; சாவியை டைரக்டர் என் பொறுப்பில் கொடுத்திருந்தார். "திங்கக்கிழமை அவரு டெல்லி போறாரு. போனதும் சத்தமில்லாம பழையபடி மாத்திடலாம். ரெண்டு நாள்தானே" என்றேன். நீ டைரக்டருக்கு ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதி அனுப்பினாய். கடலுக்கு இடமில்லை என்று அதில் தெளிவாகவே இருந்தது. 'பார்த்தேன்' என்று சுருக்கொப்பத்தோடு திரும்பி வந்தது.

தண்ணீர் சனிக்கிழமை வந்தது.

விடிந்ததிலிருந்தே காற்று. கருவிகள் அளவுகளை அனுப்பிக்கொண்டுதான் இருந்தன. கடல் மட்ட வேலை கால் மணிக்கு ஒருமுறை கண்விழித்து, உள்ளே வந்து, ஒப்பிட்டு முடிப்பதற்குள் தள்ளப்பட்டு, மறுபடி வரிசையில் நின்றது. நீ அந்தச் சன்னலில்லாத அறையிலிருந்து ஓடி, மற்றவர்களின் வேலையை ஒவ்வொன்றாக நிறுத்தச் சொல்லி மேசை மேசையாகப் போய்க் கெஞ்சினாய். நிரந்தர இடம் உள்ளவர்கள் எழுந்திருக்கவில்லை. உப்பளத்தில் ஆட்கள் மேகத்தைப் பார்த்தார்கள், பிறகு மாடியைப் பார்த்தார்கள். கொடி இல்லை. போய்ப் பாத்தியில் இறங்கினார்கள். விடியற்கால அளவுகளைக் கணக்குப் போட்டு முடித்து இயந்திரம் மணி அடித்தபோது மதியம் மூன்று. நீ கொடியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாய். நானும் பின்னாலேயே வந்தேன். அங்கிருந்து பார்த்தபோது கொடி தேவைப்படவில்லை. பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் ஒரே நீர். அந்த வருஷத்து உப்பு முழுதும் கடலுக்கே திரும்பிப் போய்விட்டது.

நான்கு பாத்தி குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவர் அன்று மாலை இடுப்புவரை சேறோடு நிலையத்துக்கு வந்தார். காவலாளி தடுக்கவில்லை. நேராக உன்னிடம் வந்தார். குரலை உயர்த்தவும் இல்லை.

"ஏன் பாய், மெசின் சொல்லும்னியே. எங்க கண்ணு காலைலயே சொல்லிச்சு. நாங்கதான் உம்மேல நம்பிக்கை வெச்சு, கண்ண நம்பாம வுட்டுட்டோம்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

திங்கட்கிழமை டைரக்டர் டெல்லி போனார். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். உன் பழைய நிரலைத் திரும்ப ஏற்றினேன், ஓர் எழுத்து மாறாமல். அதன் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை. மூன்று வாரம் கழித்து சென்னையிலிருந்து விசாரணைக் குழு வந்தபோது இயந்திரத்தில் இருந்தது உன் நிரல் மட்டும்தான், நான் மாற்றியதன் தடயமே இல்லை. சுற்றறிக்கை கோப்பில் இல்லை. உன் குறிப்பும் இல்லை.

குழுத் தலைவர் உன்னிடம் கேட்டார்: "இதை எழுதியது யார்?"

"நான்தான் சார்."

பிறகு என்னிடம்: "சம்பவத்துக்கு முன்னால் இதில் ஏதாவது மாற்றம் செய்யப்பட்டதா?"

டைரக்டர் எதிரே உட்கார்ந்து பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம்.

"சிறு திருத்தங்கள், சார்" என்றேன்.

தாழ்வாரத்தில் நீ என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தாய். அதுதான் தாங்கவில்லை. "சிறு திருத்தமாடா?" என்று சிரித்தாய். உள்ளே ஏன் எதுவும் சொல்லவில்லை என்று கேட்டேன், என்ன துணிச்சல் பார். "சொல்றதுக்குக் கையில காகிதம் இல்ல. சொன்னா உன் வேலையும் போவும், என் வேலை திரும்பி வராது" என்றாய்.

மாதம் முடிவதற்குள் உன்னை நீக்கினார்கள். நீ துபாய் போய், துறைமுகக் கிடங்கு ஒன்றில் இருபத்தைந்து ஆண்டு சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்த்தாய். கர்னல் எழுதியவனுக்கு வேறு ஊரில் அதே வேலை என்று நானே எனக்கு ஒரு நகைச்சுவை சொல்லிக்கொண்டேன். எனக்குப் பதவி உயர்வு வந்தது. பிறகு சென்னையில் பயிற்சி வகுப்புகளில் நினைவக நிர்வாகம் பாடம் எடுத்தேன். பெஞ்சையும் டீயையும் சொல்வேன், பையன்கள் ரசித்துக் குறித்துக்கொள்வார்கள். யார் சொன்னது என்று எவனும் கேட்டதில்லை. நானும் கேட்கும்படி வைத்துக்கொள்ளவில்லை. நிலையத்தில் உன் நிரல் அதன்பின் எட்டு ஆண்டு ஓடியது. ஒருமுறைகூடக் கொடி தவறவில்லை. உப்பளத்தில்தான் யாரும் மாடியைப் பார்ப்பதில்லை.

நேற்று உன் மகனை அழைத்தேன். எழுதினால் மழுப்பிவிடுவேன் என்று பயந்து, பேசினேன். நீ வீட்டில் எல்லோரிடமும், "நான் எழுதினதுலதான் தப்பு, அதான் அனுப்பிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறாய் என்பது அவன் பேச்சில்தான் எனக்குத் தெரிந்தது. கம்ப்யூட்டர் படித்த பேரப்பிள்ளைகளும் அப்படித்தான் நம்புகிறார்களாம். நான் இடைமறித்தேன். சாவி, பட்டியல், அந்த இரண்டு சொற்கள், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஐம்பது ஆண்டில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

"விடுங்க மாமா" என்றான். "அத்தா சொல்லியே வெச்சிருக்காரு. 'நான் போனப்புறம் அவன் போன் பண்ணுவான், தப்பு என்னுதுன்னு சொல்லுவான். நல்ல மனசு அவனுக்கு. நம்பிடாதீங்க'ன்னு."

"இல்லப்பா, நிஜமாவே நான்தான்."

"சரிங்க மாமா" என்றான், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில். பிறகு என் உடம்பைப் பற்றி விசாரித்தான்.

நீ என்னைக் காப்பாற்றினாயா, கட்டிப் போட்டாயா என்று இரவெல்லாம் யோசித்தேன். கேட்டால் சிரிப்பாய். இனி இந்த உண்மையை நான் எந்த வாசலில் கொண்டுபோய் இறக்கினாலும், அது என் நல்ல மனசுக்குச் சாட்சியாகிவிடும். உன் வீட்டில் யாரும் வாங்கிக்கொள்ளாத அந்தத் தப்பை மறுபடி என்னிடமே வைத்துக்கொண்டேன்.