அழுகைக்குப் பதினெட்டுக் கட்டம்

12 ஜூன் 2006, திங்கள்
பலத்த காற்று. செருப்பு தைக்கக் கொடுக்கணும்.
அருள்புரம் பனியன் கம்பெனிக் குழந்தைகள் காப்பகத்துக்கு வழக்கம்போல் கதை சொல்லப் போனேன். முதலாளியம்மா ஒரு தாளை நீட்டினார். "மெர்சி நாள் முச்சூடும் அழுகுதுங்க வாத்தியாரே. சனிக்கிழமையோட பிள்ளைய நிறுத்திரலாமுங்க."
மெர்சிக்கு இரண்டு வயது. தாய் ஜெசிந்தா, தூத்துக்குடிப் பக்கம், இங்கே தையலில். காப்பகம் இல்லையென்றால் அவளுக்கு வேலையும் இல்லை.
தாளில் அரை மணிக்கு ஒரு கட்டம். பதினெட்டில் பதினொன்றுக்கு டிக். ஆயா ராசாத்தி: "ஒருக்கா சிணுங்குனாலும் போடச் சொன்னாங்க சார்."
அதுதான் சங்கதி. ஒரு தும்மல் போட்டவனை அரை மணி தும்மினான் என்று எழுதுகிற கணக்கு. சனிக்கிழமை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

13, செவ்வாய்
வேறு வழி. ஒவ்வொரு அரை மணியும் முடிகிற நொடியில் மட்டும் நிமிர்ந்து பார்த்தேன். அழுகை: பூஜ்யம். ஒரே பெருமை எனக்கு. ராசாத்தி சிரித்தாள்: "நீங்க நிமிர்றதுக்குள்ள அழுது முடிச்சு மூக்கும் சிந்தியாச்சுங்க சார்!"
இதுவும் பொய்தான். அது ஊதிக் காட்டுகிறது, இது விழுங்கிவிடுகிறது. என் வகுப்பில் நான் தலை தூக்கும்போது மட்டும் படித்த பிள்ளைகள் எத்தனை பேர்!

14, புதன்
பல் வலி. கைக்கடிகாரத்தோடு முழு நாளும் கண் எடுக்காமல்.
அழுகை 11 தடவை. மொத்தம் 21 நி. டிக் கணக்கில் இதே ஐந்தரை மணி நேரம்!
ஏழு தடவை அரை நிமிடச் சிணுங்கல். மற்ற நாலும் ஜெசிந்தா விட்டுப் போன கையோடு. காலையில் விட்டபோது; பிறகு டீ, சாப்பாடு, மாலை டீ இடைவேளைகளில் வந்து பார்த்துவிட்டுப் போனபோது.

15, வியாழன்
முதலாளியம்மா: "இருபத்தொரு நிமிசமா! எம்பட பேத்தி இதுக்கு மேல அழுவாளுங்க. இருக்கட்டும் விடுங்க."
ஜெயம். ஆனால் ஜெசிந்தா தாளையே பார்த்தபடி: "நா வந்துட்டுப் போறதுதான் பிள்ளைக்கு வெனையா சார்? இனி டீக்கு வரல."
சுருக்கென்றது. என் தாளில் அழுகைக்கு மட்டும்தான் இடம் விட்டிருந்தேன். நாளைக்கு மட்டும் வரச் சொன்னேன்.

16, வெள்ளி
சிரிப்புக்கும் ஒரு வரிசை போட்டாயிற்று.
11.00. ஜெசிந்தா வாசலில் தயங்கினாள். "வாம்மா" என்றேன். சிரிப்பு 9 நி. போன பின் அழுகை 4 நி.
மதியம் காட்டினேன். இரண்டு எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.
"நாலு மணிக்கும் வாரேன் சார்."