காய்ச்சல் விட்ட காலை

பால்கனியில் நின்று ஒழுங்கையைப் பார்த்தபடியே தேத்தண்ணீர் குடிக்கும் என் அப்பாவுக்கு,

வெள்ளவத்தையில் மழை தொடங்கிவிட்டது. வெசாக் பண்டிகைக்குக் கட்டிய விளக்குக் கூடுகளை இன்னும் யாரும் கழற்றவில்லை. தாள் கரைந்து மூங்கில் சட்டங்கள் மட்டும் முன்வீட்டு வாசலில் ஆடுகின்றன. ஒழுங்கை முனையில் கடல் மண் நிறத்தில் எழும்புகிறது. சாக்கடைக் கான் அடைத்து, கறுப்புத் தண்ணீர் றோட்டில் நிற்கிறது. நீங்கள் இருந்தால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தடியோடு இறங்கியிருப்பீர்கள். நாங்கள் எல்லோரும் தாண்டித் தாண்டிப் போகிறோம்.

பழக்கடை நானாவின் வாசலில் றம்புட்டான் குவிந்துவிட்டது. மீன்காரன் இப்போதும் நம் வீட்டுக்குக் கீழே வந்து ஒருமுறை மேலே பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை உருட்டுகிறான்.

உங்கள் பேரன் ஆதிக்குக் காய்ச்சல் வந்தது, அப்பா. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். போன மழைக்கு உங்களுக்கு வந்த அதே டெங்கு.

வீட்டில் வைத்துப் பார்க்கலாம், தினமும் இரத்தம் சோதியுங்கள் என்றார் டொக்டர். செய்தி எப்படிப் போனதோ, நானா பப்பாசி இலைகளோடு படியேறி வந்தார். “மகள், இத இடிச்சி சாறெடுத்துக் குடுங்க. கசக்கும். புள்ள கத்தினாலும் உடவேணாம்.” ஆதி அதை என் சட்டையிலேயே துப்பினான். நானாவிடம் சொல்லிவிடாதீங்கோ.

பிறகு ஒரு நாள் விடிய, அவன் நெற்றி குளிர்ந்திருந்தது. கீழ்வீட்டு ரஞ்சி அன்ரி தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினா. “நான் சொன்னனான் எல்லே! காய்ச்சல் விட்டிட்டுது. இனிச் சோறு குடு, பிள்ளை வத்திப் போச்சு.”

ஆதியும் எழும்பி உட்கார்ந்தான். “அம்மா, றம்புட்டான் வாங்கக் கீழ போவமா?”

நான் அவனைப் பிடித்துத் திரும்பப் படுக்க வைத்தேன். உங்களுக்கும் இப்படித்தானே ஒரு காலை காய்ச்சல் விட்டது? முகம் வழித்து, “எனக்கு ஒண்டுமில்லை, மீன்காரன் வந்திட்டான்” என்று படியிறங்கினீர்கள். நாங்கள் சந்தோஷமாக பால்கனியில் நின்று பார்த்தோம். பாரை மீனைப் புரட்டிப் புரட்டிப் பேரம் பேசினீர்கள். அவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். சிரித்து முடிவதற்குள் அவனுடைய சைக்கிளைப் பிடித்தபடியே சரிந்தீர்கள். காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம், கால் குளிர்ந்தால் உடனே கொண்டுவரவேண்டும் என்பதை ஆஸ்பத்திரியில்தான் எங்களுக்குச் சொன்னார்கள்.

“அன்ரி, நான் இவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறன்.”

“உனக்கென்ன விசரே? சுகமான பிள்ளையை அங்க கொண்டுபோய் வேற வருத்தம் வாங்கப் போறியோ?”

வேலைக்குப் போயிருந்த இவரும் போனில், “பயப்பிடாத, பின்னேரம் நான் வந்த பிறகு பாப்பம்” என்றார். நான் ஆதியின் உள்ளங்காலைத் தொட்டேன். ஐஸ். அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓட்டோவை மறித்தேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அவன் வயிற்றை அமர்த்திப் பார்த்தார். அவன் முனகினான். “பின்னேரம் வரைக்கும் நிண்டிருந்தா…” என்று தொடங்கியவர், திரும்பி நேர்ஸைக் கூப்பிட்டார். சேலைன் ஏற்றினார்கள். அவன் குடிப்பதையும் கழிப்பதையும் அளந்தார்கள். நான் அவன் காலடியிலேயே இருந்தேன்.

“அம்மப்பாவும் இங்க வந்தவரோ?” என்று கேட்டான்.

“ஓம்.”

“பிறகு வீட்ட வந்தவரோ?”

நித்திரை கொள்ளு ராசா என்றேன்.

அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். அந்த ஒரு வரியை எழுத எவ்வளவு பயமாக இருக்கிறது தெரியுமா?

நாங்கள் வந்த பிறகு சுகாதாரப் பரிசோதகர் வந்தார். டெங்கு என்று ஆஸ்பத்திரி அறிவித்தால் நுளம்பு எங்கே பெருகுகிறது என்று வீட்டைப் பார்க்க வருவார்கள். தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தார், குளிரூட்டிப் பெட்டியின் பின்னால் பார்த்தார். பிறகு பால்கனிக்குப் போனார். அங்கே உங்கள் ஜாம் போத்தல்கள், தண்ணீரில் நீங்கள் வளர்த்த மணி பிளான்ட். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “மிஸ், பலன்ன.”

பார்த்தேன். வேர்களுக்கிடையில் சின்னச் சின்னப் புழுக்கள் சுருண்டு சுருண்டு நெளிந்தன.

நீங்கள் வாரம்தோறும் போத்தலைக் கவிழ்த்து, கழுவி, புதுத் தண்ணீர் விடுவீர்கள். நான் கவிழ்க்கவில்லை. குறையக் குறைய மேலே விட்டு நிரப்பினேன். நீங்கள் விட்ட தண்ணீர் அடியில் கொஞ்சமாவது இருக்கட்டும் என்று. என் பிள்ளையைக் கடித்த நுளம்பு அதிலிருந்துதான் வந்ததா? கானிலிருந்தா, அடுத்த வீட்டு மொட்டைமாடியிலிருந்தா? யாரைக் கேட்பேன்?

யாருடையது என்று அவர் சிங்களத்தில் கேட்டார். இறந்துபோன என் அப்பாவுடையது என்றேன். போத்தலைக் கவனமாக இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: வைத்துக்கொள்ளுங்கள் மிஸ், ஆனால் தண்ணீரில் வேண்டாம், மண்ணில் வையுங்கள்.

ஒவ்வொன்றாக நானே குளியலறையில் ஊற்றினேன். கடைசிப் போத்தலை ஊற்றும்போது வாய்விட்டு அழுதேன். ஆதி கதவடியில் நின்று, “அம்மப்பா ஏசப் போறாரோ?” என்றான்.

ஏசுவீங்களா?

இப்போது அந்தக் கொடிகள் பால்மாத் தகர ரின்களில், அடியில் ஓட்டை போட்டு, மண்ணில் நிற்கின்றன. ஒரு கொடி வாடியிருக்கிறது. மற்றவை பிடிக்கும்போலத்தான் தெரிகிறது. ஆதிக்கு றம்புட்டான் வாங்கினேன். கொட்டையோடு விழுங்கிவிடுவானோ என்று பக்கத்திலேயே இருந்தேன். என் பயம் ஒன்று முடிந்தால் அடுத்ததைப் பிடித்துக்கொள்கிறது.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். விடிந்ததும் தடியோடு இறங்கிக் கானைத் தோண்டுவேன். நானா மண்வெட்டி தருகிறாராம். ரஞ்சி அன்ரி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று எனக்கு வேலை சொல்லுவாவாம். மீன்காரன் மேலே பார்க்கும்போது பால்கனியில் யாரும் இருக்கமாட்டார்கள், அப்பா. நான் கீழே, அவன் பக்கத்தில் நிற்பேன்.

நித்திரையில் கிடக்கும் உங்கள் பேரனின் உள்ளங்காலை இன்னொருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, அது சூடாக இருப்பதை உங்களுக்கு எழுதும்,
உங்கள் மூத்த மகள்