விரலில் தெரியும் கழுத்து வலி

அனுப்புநர்:
முன்பதிவு எழுத்தர்,
இரண்டாம் கவுன்ட்டர், பேருந்து நிலையம்.

பெறுநர்:
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்.

பொருள்: கழுத்திலிருந்து பரவும் வலியை 'நடிப்பு' என்று எழுதிய மருத்துவக் குறிப்பை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இன்று காலை பல் துலக்கும் முன்பே கண்ணாடி முன் நின்று, தலையை இடப்பக்கம் சாய்த்து மேலே பார்த்தேன். இடது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் ஆணி இறங்கியது போல் வலித்தது. வலி கை வழியே ஓடி, நடுவிரல் மரத்தது. அந்தக் கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்ததும் தணிந்தது. எந்த மருத்துவர் முன்னிலையிலும் இதைச் செய்து காட்டத் தயார்.

சென்ற ஆண்டு எங்கள் கவுன்ட்டரில் பொருத்திய பிளாஸ்டிக் தடுப்பு தலைகீழாக இருக்கிறது. மேலே வலப்பக்கம், என் முகத்துக்கு நேராக வரவேண்டிய பேசும் துளைகள் இடது மூலையில், மேசையை ஒட்டி இருக்கின்றன. பயணி ஊர்ப்பெயர் சொல்லும்போதெல்லாம் காதை அங்கே சாய்த்து, கண்ணை உயரத்தில் உள்ள திரையில் வைக்கிறேன். பயணிகளும் குனிந்துதான் கத்துகிறார்கள். ஆனால் அவர்கள் ஒருமுறை குனிந்துவிட்டுப் பேருந்து ஏறிவிடுகிறார்கள்.

நிறுவன மருத்துவர் தோளையும் விரலையும் மட்டும் எக்ஸ்ரே எடுத்தார். "படம் சுத்தமா இருக்கும்மா. வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்றார். கழுத்தை அவர் தொடவே இல்லை. 'நோய் இல்லை, வேலையைத் தவிர்க்க நடிக்கிறார்' என்று எழுதிவிட்டார்.

வெளியே ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தேன். "கழுத்து மூட்டு கெட்டா வலி முதுகுப் பக்கம் தெரியும். நரம்பு நசுங்கினா விரல் வரைக்கும் ஓடும். ஃபியூஸ் போனதுக்கு பல்பையே கழட்டிப் பாத்துட்டிருந்தா எப்படிம்மா?" என்றார் அவர். இதை மேலாளரிடம் சொன்னேன். "வலி விரல்ல, வியாதி கழுத்துலயா? நல்லா கதை விடுறீங்க மேடம்" என்று சிரித்தார். திங்கட்கிழமைக்குள், நடித்ததாக ஒப்புக்கொண்டு கையெழுத்திடாவிட்டால் வேலை இல்லை என்கிறார்.

ஐயா, சில நாட்கள் நானே என்னைச் சந்தேகித்தேன். வலிக்கும் இடத்தில் நோய் இல்லையென்றால் நான்தான் பொய்யோ என்று நினைத்தேன். ஒரு மாலை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது மகள், "என்னம்மா, கப்பல் கவுந்துடுச்சா?" என்று கேட்டாள். அப்போதுதான் கவனித்தேன், அந்தக் கை அங்கே இருக்கும்வரை வலி இல்லை. நிவாரணத்தை என் உடம்பே எனக்கு முன் கண்டுபிடித்திருந்தது. நடிப்பவருக்கு இது எப்படித் தோன்றும்?

என் கழுத்தைப் பரிசோதிக்க உத்தரவிட வேண்டும். அந்தக் குறிப்பை நீக்க வேண்டும். தாங்களே ஒரு நாள் என் நாற்காலியில் அமர்ந்து, பயணிகள் சொல்லும் ஊர்ப்பெயர்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அந்தத் தாளில் கையெழுத்திட மாட்டேன். கவுன்ட்டர் திறக்கும் முன், நான்கு திருகாணிகளைக் கழற்றி அந்தத் தடுப்பை நானே நேராக மாட்டப் போகிறேன். வீட்டிலும் சொல்லவில்லை, அலுவலகத்திலும் சொல்லவில்லை. தங்களுக்கே முதலில் தெரிவிக்கிறேன். திருப்புளி கைப்பையில் இருக்கிறது. என் வலது கைக்கு எந்தக் கோளாறும் இல்லை.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: பேருந்து நிலைய ஊழியர் அறை

(ஒப்பம்)
இரண்டாம் கவுன்ட்டர் எழுத்தர்