ராகுகாலத்துக்கு முன் இறங்கிய விமானம்

என் ஆசை அண்ணைக்கு,

அடுத்த கிழமை உங்கள் ஆட்டைத் திவசம். ஊருக்குக் கொடுக்க ஒரு நினைவு மலர் அடிக்கிறோம். அதன் கடைசிப் பக்கம்தான் இந்தக் கடிதம். இதனால் எங்கள் ஊர் சுருவிலில் சொந்தக்காரர் எல்லோருக்கும் என்னோடு கோபம். எனக்கு உங்களோடு கோபம்.

முப்பத்தோராம் நாள் கொடுத்த கல்வெட்டுப் புத்தகத்தில் "இயந்திரக் கோளாறினால் அகால மரணம்" என்று போட்டோம். அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பெரியப்பா சொன்னார், அச்சடித்தோம்.

பிறகு நீங்கள் இருந்த கனடாவிலிருந்து விபத்து விசாரணை அறிக்கை வந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு முழுவதும் வாசித்தேன். இயந்திரத்தில் ஒரு பழுதும் இல்லை. நீங்கள் உயரமாக, வேகமாக வந்தீர்கள். ஓடுபாதையில் பாதிக்கு மேல் கடந்த பிறகுதான் சில்லு நிலத்தில் பட்டது. பாதை முடிந்தும் விமானம் நிற்கவில்லை, அப்பால் இருந்த வாய்க்காலுக்குள் போய் விழுந்தது. மேலே எழும்பி இன்னொரு சுற்று வந்திருக்கலாம், வரவில்லை, விமானியின் பிழை என்று எழுதியிருக்கிறார்கள். ஏன் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நீங்கள் வாங்கிய அந்த இரண்டு இருக்கை விமானம் பழசு என்றாலும் எங்களுக்குப் புது வாகனம்தானே. சில்லுக்கடியில் தேசிக்காய் வைக்கச் சொன்னேன், வைத்துப் படமும் அனுப்பினீர்கள். அன்று சனிக்கிழமை, ஒன்பது மணிக்கு ராகுகாலம். "ஒன்பதுக்கு முன்னம் ஏறி இறங்கிப்போடுங்கோ அண்ணை" என்று செய்தி போட்டேன். "ஓம் ஓம், உன்ரை ராகு வாறதுக்கு முன்னம் நிலத்திலை நிப்பன்" என்று பதில் போட்டீர்கள்.

எட்டு ஐம்பத்தாறுக்கு இறங்கினீர்கள். இன்னொரு சுற்றுக்கு ஆறு நிமிடம் பிடிக்குமாம்.

நான் போகும் நெடுந்தீவுப் படகில் நீங்களும் எத்தனை தரம் போயிருப்பீர்கள். சோளகக் காற்று பலமாக வீசி, படகு துறையில் அணையாவிட்டால் ஓட்டி விலகிப்போய்த் திரும்ப வருவார். சில நாள் மூன்று தரம். அதற்காக அவரை யாரும் நையாண்டி பண்ணியதில்லை. அதை எப்படி மறந்தீர்கள் அண்ணை?

பிழை விட்டது நீங்கள். நேரம் சொன்னது நான். இரண்டையும் ஒரு இயந்திரத்தின் தலையில் கட்ட எனக்கு ஏலாது.

பெரியப்பா வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார். "எங்கடை பிள்ளை பிழை விட்டவன் எண்டு அச்சடிச்சு ஊருக்குக் குடுக்கிறதோ? உனக்கென்ன விசரோ?"

"ஓம், குடுக்கத்தான் போறன் பெரியப்பா. தம்பியும் கனடாவிலை பறக்கப் பழகிறான். அந்த அறிக்கையைத் தொடமாட்டன் எண்டு நிக்கிறான். கல்வெட்டிலை போட்டதை நம்பிக்கொண்டு அவனும் ஏறுறதோ?"

குசினி வாசலில் நின்ற அம்மா, "இன்னொருக்காச் சுத்தி வர எவ்வளவு நேரம் பிள்ளை?" என்று கேட்டார்.

"ஆறு நிமிசமாம் அம்மா."

அம்மா கதிரையில் இருந்துவிட்டார். பிறகு பெரியப்பாவைப் பாராமல் என்னிடம் "எழுது" என்றார். பெரியப்பா தேத்தண்ணியும் குடிக்காமல் எழும்பிப் போய்விட்டார். போகட்டும்.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்க முதல் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். அழுதான், என்னை ஏசினான், தொலைபேசியை வைத்துவிட்டான். நேற்றுத்தான் திரும்ப எடுத்தான்.

"அக்கா, வாற சனி காலமை முதன்முதலாத் தனியப் பறக்கிறன். ஒரு நேரம் பாத்துச் சொல்லுங்கோ."

கலண்டர் எனக்குப் பின்னால் சுவரில் தொங்கியது. நான் திரும்பவில்லை.

"நேரம் ஒண்டும் இல்லை. சரிவராட்டி எழும்பிச் சுத்திப்போட்டு வா. பத்துத் தரம் எண்டாலும் சுத்து."

"அதுக்குள்ளை ராகுகாலம் துவங்கினால்?"

"ராகுகாலத்திலை இறங்கு."

அண்ணை, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி யார் கேட்டாலும் நான் நேரம் பார்த்துச் சொல்லமாட்டேன். சனிக்கிழமை தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பேன். அவன் எவ்வளவு பிந்தி எடுத்தாலும், ஏன் பிந்தினாய் என்று கேட்கமாட்டேன்.

ஒன்பதுக்கு முன்னம் என்று சொன்ன,
உங்கள் தங்கச்சி