நாகுதா வேண்டாம், அரவிந்தா

என் மகன் அரவிந்தனுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நானும் மருமகள் பரிமளாவும் குழந்தை சிநேகாவும் கங்கையம்மன் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். போனில் உன் நாகுதா வேலைப் பேச்சை எடுத்தாலே, பக்கத்துல ஆள் கீதும்மா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் லீவு முடிந்து உன் துறைமுகத்துக்கே திரும்பும் தேவசகாயத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சத்தம் போட்டுப் பேச எனக்கும் தெம்பில்லை. முட்டிவலி விடவில்லை, மகாபலிபுரம் மார்க்கெட்டுக்குக் கூடை தூக்கிப் போய்வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், படுத்துவிடுகிறேன். கடல் இந்த வருஷம் இன்னும் உள்ளே வந்துவிட்டது, நம்ம படகை ரோட்டோரத்தில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

ஆனி மாசம் நீ போன் பண்ணி, முதலாளி உன்னை நாகுதா ஆக்கிவிட்டார் என்று சொன்னாய். அது இன்னா வேலைடா என்று கேட்டேன், படகுக்கே தலைவன்மா, இங்க அதுக்குத் தனி மரியாதை என்றாய். பரிமளாவின் தங்கை அனு படூர் காலேஜில் படிக்கிறாளே, அவள் அந்தச் சொல்லின் பூர்வீகத்தையே தோண்டி எடுத்துவந்தாள். பாரசீகத்தில் நாவ் என்றால் படகாம், குதா என்றால் ஆண்டவனாம், எஜமான் என்றும் சொல்லலாமாம், இரண்டும் சேர்ந்துதான் நாகுதா. அரபிக்காரர்கள் நோகதா என்கிறார்களாம், மலாய்க்காரர்கள் நகோடா என்கிறார்களாம், நம்ம பக்கத்து மரக்காயர்கள் அந்தக் காலத்தில் பேரோடு நகுதா என்று சேர்த்துக்கொண்டார்களாம். இத்தனை தேசத்தில் பெரிய சொல்லாக இருப்பது என் பிள்ளைக்கு வந்திருக்கிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆடிக்கூழ் ஊற்றிய அன்று மைக்கில் நாகுதா அரவிந்தன் உபயம் என்று சொல்ல வைத்தேன். நம்ம படகு முகப்பிலும் சிவப்புப் பெயின்டில் பெரிசாக எழுத வைத்தேன். உன் மகள் பால்வாடியில் எங்கப்பா நாகுதா, எங்கப்பா நாகுதா என்று ஒரே அலட்டல்.

தேவனேரி காத்தவராயன், உன்னை மாதிரியே வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போய் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தானே, அவன் போன வாரம் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு நேராக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து அழுதுவிட்டான். அவனையும் நாகுதா என்றுதான் எழுதி வைத்திருந்தார்களாம். எஞ்சின் நின்று படகு பக்கத்து நாட்டு எல்லைக்குள் மிதந்துபோயிருக்கிறது. அங்கே பிடித்தவர்கள் கூட இருந்த பையன்களை விட்டுவிட்டார்கள், நாகுதா யார் என்று கேட்டு இவனை மட்டும் வைத்துக்கொண்டார்கள். முதலாளி போனே எடுக்கவில்லையாம். உள்ளே ஒரு பாகிஸ்தான்காரன் அந்தச் சொல்லை வேறு மாதிரி உடைத்து, நா என்றால் இல்லை, அதனால் உருதுவில் கடவுள் இல்லாதவன் என்றும் வரும்டா என்று சிரிப்பானாம். விளையாட்டுக்குத்தான் சொன்னான், ஆனா அங்க குந்திகினு நான் அதயே நம்பிட்டேன்க்கா என்றான் காத்தவராயன். அது பதவி இல்லக்கா, அவனுங்க பழியத் தூக்கி நம்ம தலைல வைக்கறானுங்க, உம்புள்ளைய வேணாம்னு சொல்லச் சொல்லு என்றான்.

நம்ம ஊரில் எஞ்சின் பிடிக்கிறவன் இன்றைக்கு ஒருத்தன், நாளைக்கு ஒருத்தன். மீன் வந்தால் ஆளுக்கொரு பங்கு, வலை போனால் நஷ்டத்திலும் பங்கு, ஒருத்தன் மாட்டிக்கொண்டால் ஊரே போய் நிற்கும். நீயும் அதே நினைப்பில்தான் தலையாட்டியிருப்பாய். கேட்டுச் சந்தோஷப்பட்ட நானும் அதே நினைப்பில்தான் இருந்தேன். அங்கே அப்படி இல்லை ராசா, அங்கே பங்கு போட்டுக்கொள்ள யாரும் வரமாட்டார்கள். அடுத்த தடவை கடலுக்குப் போவதற்குள் முதலாளியைப் பார்த்து, பழையபடி வலை இழுக்கும் கலாசியாகவே போடுங்கள் என்று கேள். சம்பளம் குறைந்தால் குறையட்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் வாக்குவாதம் பண்ணாமல் கிளம்பி வந்துவிடு. பரிமளா சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்கும் பயமாக இருக்கிறது, அதை மறைத்துக்கொள்ளவும் அலுப்பாக இருக்கிறது.

தேவசகாயத்திடம் நெத்திலிக் கருவாடு கொடுத்திருக்கிறேன், கூட இருக்கும் பிள்ளைகளுக்கும் கொடு. வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள். கங்கையம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவாள். படகிலிருந்த அந்தச் சொல்லை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன், முழுசாகப் போகவில்லை, பரிமளா மேலே நீலம் பூசிவிட்டாள். உன் பேரை மட்டும் விட்டுவைத்திருக்கிறோம். சிநேகாதான், அப்பா நாகுதா இல்லையா ஆயா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லடி, அப்பா வூட்டுக்கு வந்துடுவாரு என்று சொல்லியிருக்கிறேன். குழந்தையிடம் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

இப்படிக்கு, உன் வழியையே பார்த்திருக்கும் அம்மா
ஆதியம்மாள்