நாலாம் தரத்தில் ஒருவர்

பிப்ரவரி 3

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

நலம்தானே? கண்ணாடி பவர் இன்னும் ஏறியதா, இல்லை ஏறுவதற்கு இனி இடமே இல்லையா? எனக்குத் தொண்டை கட்டிப் பத்து நாளாகிறது. "மைக்செட்டுக்கே ஒயர் அறுந்துபோச்சா" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார். மாமியார் மட்டும் வீடு அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷமாக இருக்கிறார்.

நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் வீட்டு வாஷிங் மெஷினுக்கும் பிரிட்ஜுக்கும் பதில் சொல்லிவிட்டு வந்தால், வீட்டில் போன் அடித்தாலே எரிச்சலாக வருகிறது. பயிற்சி விடுதியை விட்டு வந்து பதினாறு வருஷமாகியும் உனக்கு நான் பேனா பிடித்தே எழுதுவது அதனால்தான். போனில் பேசவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து மதிப்பீட்டுப் படிவம் வந்துவிட்டது. மேற்பார்வையாளரான என்னையும் சேர்த்து எங்கள் குழுவில் எட்டுப் பேர். எட்டில் ஒருவரை நாலாம் தரத்தில் போட்டே ஆக வேண்டுமாம். எல்லோரும் ஒழுங்காக வேலை பார்த்தாலும் ஒருவர் கடைசியாக இருந்தே தீர வேண்டும் என்று யாரடி கண்டுபிடித்தது? நாலாம் தரம் என்றால் ஆறு மாதம் கண்காணிப்பு, அதற்குப் பிறகு வீடு. அது உனக்குத் தெரியாததல்ல.

எண்களைப் பார்த்தால் எங்கள் பெரியவர்தான் மாட்டுகிறார். ஐம்பத்தாறு வயது. ஒரு அழைப்புக்கு நாலு நிமிஷம் என்பது கணக்கு. அவருக்குச் சராசரி பதினொன்று. ஏன் தெரியுமா? "மெஷினை ஓடவிட்டு போனை அதுகிட்ட வைங்கம்மா, சத்தத்தைக் கேக்கறேன்" என்பார். கேட்டுவிட்டு, "பின்னாடி ஒரு கால் தரையில படலை, அட்டையை மடிச்சு அடியில குடுங்க" என்பார். அத்தோடு முடிந்தது. மெக்கானிக் போக வேண்டியதில்லை. இந்த மனிதரை எந்தக் கையால் நான் நாலில் போடுவது? ஏதாவது வழி சொல்.

உன்
மைக்செட்

*

பிப்ரவரி 10

அன்புள்ள மைக்செட்,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். இப்போது என் அறைக்குக் கண்ணாடிச் சுவர் போட்டுவிட்டார்கள். சிரித்தால்கூட வெளியே தெரிகிறது. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். காலையில் அவரை நடக்கவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், இங்கே முப்பத்தொரு கிளைகளின் எண்கள் காத்திருக்கின்றன.

யார் கண்டுபிடித்தது என்று கேட்டாய். எனக்கும் தெரியாது. நான் வருவதற்கு முன்பே இருந்தது. நான் அதைச் சேகரித்து மதிப்பீட்டுக் குழுவின் முன் வைக்கிறேன், அவ்வளவுதான். என்னையும் ஒருவர் அளக்கிறார். எத்தனை கிளைகள் தேதி தவறாமல் படிவம் அனுப்பின என்பதுதான் என் மதிப்பெண்.

"நல்ல மனிதர்" என்று நீ எழுதினால் இங்கே யாரும் படிக்க மாட்டார்கள். முப்பத்தொரு கிளைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. எண் கொண்டு வா. அவர் பேசுகிற பதினொரு நிமிஷத்தால் கம்பெனிக்கு என்ன லாபம் என்று ஒரு எண் இருந்தால், நான் பேசிப் பார்க்கிறேன். இதற்கு மேல் எனக்கு அதிகாரம் இல்லை. தொண்டையைக் கவனி.

உன்
சோடாபுட்டி

*

பிப்ரவரி 24

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

எண் கேட்டாய் அல்லவா, இந்தா பிடி. பத்து நாளாக மதியச் சாப்பாட்டை ஒரு கையிலும் பழைய பதிவுகளை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று மாதத்து அழைப்புகள். பேசி வைத்தபின் ஒரு வாரத்துக்குள் அதே வீட்டிலிருந்து அதே குறைக்காகத் திரும்பக் கூப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினேன். எங்கள் குழுவில் நூற்றுக்கு முப்பத்தொன்று. பெரியவருக்கு நூற்றுக்கு நாலு.

அவரிடம் சொன்னேன். "அப்படியா, நான் எண்ணிப் பாத்ததில்லையே" என்றார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

தாள்களை இணைத்திருக்கிறேன். பத்திரம். வேறு நகல் என்னிடம் இல்லை. நகலெடுக்கும் மெஷின் போன மாதமே படுத்துவிட்டது. மெஷின் பழுது பார்க்கும் கம்பெனியில் மெஷின் பழுது.

உன்
மைக்செட்

*

மார்ச் 6

அன்புள்ள மைக்செட்,

நல்ல செய்தி. உன் தாள்களைக் குழுவின் முன் வைத்தேன். என் மேலதிகாரி இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். "இதை ஏன் இத்தனை வருஷமா யாரும் பாக்கல?" என்றார். பெரியவர் இரண்டாம் தரத்துக்குப் போகிறார். அதோடு, இந்த வருஷத்திலிருந்து எல்லாக் கிளைகளிலும் இந்தத் திரும்ப அழைப்புக் கணக்கையும் சேர்க்கப் போகிறார்கள். இந்த யோசனைக்காக என்னைப் பாராட்டினார்கள். உன் கிளையிலிருந்து வந்தது என்று சொன்னேன். அறிக்கையில் என் பெயர்தான் ஏறியது. உனக்கு வருத்தமில்லையே?

ஒன்று மட்டும் மிச்சம். நாலாம் தரத்தில் ஒருவர் வேண்டும் என்பது மாறவில்லை. புதுக் கணக்கில் உங்கள் குழுவில் கடைசியாக இருப்பவர் ஆறாம் இருக்கைக்காரர். நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பேர் திரும்பக் கூப்பிடுகிறார்கள். படிவத்தில் அவரைக் குறித்து அனுப்பிவிடு. இருபத்தைந்தாம் தேதிக்குள் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

உன்
சோடாபுட்டி

*

மார்ச் 12

சோடாபுட்டி,

ஆறாம் இருக்கைக்காரர் என்று எழுதியிருக்கிறாய். அது ஒரு பெண். பிரசவ விடுப்பு முடிந்து வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. தினமும் பதினொரு மணிக்குப் பால் கட்டிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கு ஓடுகிறாள். அங்கே பூட்டு இல்லாததால் நான் வெளியே காவல் நிற்பேன்.

அவளுக்கு ஏன் ஐம்பத்தெட்டு தெரியுமா? போன வருஷம் வந்த அந்த நீல நிற வாஷிங் மெஷின் மாடல் இருக்கிறதே, அதன் மோட்டாரே ஓட்டை. யார் பேசினாலும் ஒரு வாரத்தில் திரும்ப நிற்கும். அந்த வீட்டுக்காரர்கள் கூப்பிடும்போதே கத்திக்கொண்டுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் பதிலுக்குக் கத்துகிறார்கள், இவள் கத்த மாட்டாள். அதனால் அந்த மாடல் அழைப்புகளை எல்லாம் இவளுக்கே திருப்பிவிடச் சொன்னது நான்தான். பொறுமை இருக்கிறது என்று நம்பிக் கொடுத்த வேலை இப்போது அவள் தலையிலேயே விழுகிறது.

பெரியவரைக் காப்பாற்றுகிறேன் என்று நான் எண்ணிய எண் இது. நான் எண்ணாமல் இருந்திருந்தால் அவள் மூன்றில் இருந்திருப்பாள்.

அந்த மாடலைக் கழித்துவிட்டு எண்ணச் சொல்லேன். ஒரு வரி போதும். நீ சொன்னால் கேட்பார்கள்.

மைக்செட்

*

மார்ச் 17

அன்புள்ள மைக்செட்,

கேட்டுப் பார்த்தேன். நடக்கவில்லை. அந்த மாடலில் குறை இருக்கிறது என்று எழுத்தில் வைக்கக் கூடாது என்கிறார்கள். இன்னும் சந்தையில் விற்றுக்கொண்டிருக்கிறதாம். அதற்கு மேலும் அழுத்தினால், "அப்போ உங்க எண்ணே சரியில்லையே" என்று மொத்தக் கணக்கையும் தள்ளிவிடுவார்கள். பெரியவர் மறுபடி நாலுக்கு வருவார்.

எனக்கு அலுத்துவிட்டது. மற்ற முப்பது கிளைகளிலும் இப்படி ஒரு ஆறாம் இருக்கை இருக்கும். எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கும். எல்லாவற்றையும் நான் கேட்டுக்கொண்டிருந்தால் இந்த நாற்காலியில் உட்கார முடியாது. யாராவது ஒருவரைக் குறித்து அனுப்பு. கெஞ்சிக் கேட்கிறேன்.

சோடாபுட்டி

*

மார்ச் 23

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

படிவம் இத்துடன் இருக்கிறது. தேதிக்குள் அனுப்பிவிட்டேன், உன் மதிப்பெண் குறையாது.

எட்டுப் பேரில் நானும் ஒருத்தி என்று எழுதியிருந்தேன் அல்லவா. மேற்பார்வையாளரின் தரத்தைத் தலைமை அலுவலகம்தான் போட வேண்டும் என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தக் கட்டத்தில் பென்சிலால் நாலு என்று எழுதியிருக்கிறேன். நீ அதன்மேல் பேனாவால் எழுது. காரணம் என்ற இடத்தில், "ஒரு மாடலின் புகார்களை எல்லாம் ஒரே பணியாளர்மேல் சுமத்தினார்" என்று போட்டிருக்கிறேன். பொய் இல்லை.

அந்தப் பெண்ணிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள். ஸ்டோர் ரூமிலிருந்து வெளியே வந்து, "அக்கா, என்னைப் போட்டுடுங்க. நான் வேற எங்கயாவது பாத்துக்கறேன்" என்றாள்.

"வேற எங்கடி பாப்பே, கைக்குழந்தையோட?"

"நீங்க மட்டும் எங்க பாப்பீங்க?"

"போய் உக்காரு, லைன் காத்திருக்கு" என்றேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கு அங்க ஒரு சிநேகிதி இருக்காளே, அவ விடுவாளா?" என்றார். மேற்பார்வை போய்விடும், வேலை போகாது என்று நினைக்கிறேன். பதினாறு வருஷத்துப் பதிவு இருக்கிறது. திருப்பி மட்டும் அனுப்பாதே. மறுபடி யோசிக்க எனக்குத் தெம்பில்லை.

உன்
மைக்செட்

*

ஏப்ரல் 2

அன்புள்ள மைக்செட்,

எழுதிவிட்டேன். பென்சில் கோட்டின் மேலேயே எழுதினேன்.

கையெழுத்துப் போட்ட கையோடு இதையும் எழுதாவிட்டால் பிறகு எழுத மாட்டேன். குழுவில் உன் படிவம் வந்தபோது எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தனக்குத்தானே நாலு போட்ட மேற்பார்வையாளரை அவர்கள் பார்த்ததில்லை. மேலதிகாரி என் பக்கம் திரும்பி, "இவங்க உங்களுக்கு வேண்டியவங்கதானே? ஏன் இப்படிப் பண்றாங்க?" என்று கேட்டார்.

அந்த ஒரு நிமிஷம் இருந்தது. நீல நிற மாடலைச் சொல்லியிருக்கலாம். ஸ்டோர் ரூமைச் சொல்லியிருக்கலாம். இத்தனை கிளையும் பயன்படுத்தப் போகும் கணக்கை எண்ணியதே இவள்தான் என்று சொல்லியிருக்கலாம். நான், "அப்படியெல்லாம் இல்ல சார், ஒரே பேட்ச்ல பயிற்சி எடுத்தோம். அவ்வளவுதான்" என்றேன். அவர் அடுத்த படிவத்தை எடுத்தார்.

எனக்கு இந்த வருஷம் முதல் தரம். அதையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீ கேட்க வேண்டாம்.

திட்டி எழுது.

சோடாபுட்டி

*

ஜூன் 19

அன்புள்ள மைக்செட்,

இரண்டரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு படியேறினால், அம்மா பேச்சை மாற்றிவிடுகிறார். அவருக்கும் புரிந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்தேன். உங்கள் புகார் எண்ணைச் சுழற்றினேன். உங்கள் எட்டுப் பேரில் யார் எடுப்பார்களோ என்று நினைத்தேன். நான்காவது முறை நீ எடுத்தாய். "வணக்கம், உங்கள் இயந்திரத்தில் என்ன குறை?" என்றாய். குரல் முன்போல உரக்க இல்லை. நான் பெயர் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். மெஷின் சுற்றும்போது ஆடுகிறது என்றேன். எங்கே வைத்திருக்கிறீர்கள், எத்தனை வருஷமாகிறது, எவ்வளவு துணி போடுவீர்கள் என்று நிதானமாகக் கேட்டாய். பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது. கடைசியில், "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றாய். "ஒண்ணுமில்லைங்க" என்று வைத்துவிட்டேன்.

என் வீட்டு மெஷின் ஆடவே இல்லை. வைத்த பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

சோடாபுட்டி

*

ஜூன் 24

சோடாபுட்டிக்கு,

முதல் ஹலோவிலேயே தெரிந்துவிட்டது. பதினாறு வருஷமாகக் குரலைக் கேட்டே பிழைக்கிறவள் நான்.

எங்களுக்குக் கொடுத்திருக்கும் தாளில், கடைசியில் கேட்க வேண்டியது, "வேறு ஏதாவது உதவி வேண்டுமா" என்பது. நான் உன்னிடம் கேட்டது அது இல்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

நாலு போடச் சொன்னவள் நான், போட்டதில் கோபமில்லை. அறிக்கையில் உன் பெயர் ஏறியதற்கும் இல்லை. "அவ்வளவுதான்" என்றாயே, அது மட்டும் தொண்டையிலேயே நிற்கிறது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பல நாள் எழுத உட்கார்ந்து பேனாவை மூடி வைத்திருக்கிறேன்.

நான் இப்போது ஏழாம் இருக்கையில் இருக்கிறேன். நாற்காலி கிறீச்சிடுகிறது. அந்தப் பெண் ஆறில்தான் இருக்கிறாள், குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது. பெரியவருக்கு இரண்டாம் தரத்தால் ஒன்றும் மாறவில்லை. மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறார். புது மேற்பார்வையாளர் சின்னப் பெண். அவளுக்கும் அடுத்த பிப்ரவரியில் படிவம் வரும். பாவமாக இருக்கிறது.

ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் குறை தீர்ந்ததா இல்லையா என்று பதிய வேண்டும். உன் அழைப்புக்கு "இல்லை" என்று பதிந்தேன். இல்லை என்று பதிந்தால் ஏழு நாளுக்குள் நாங்களே திரும்பக் கூப்பிட வேண்டும் என்பது விதி. இன்றோடு எட்டு நாள் ஆகிறது. தினமும் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டேன். பேசத் தெம்பு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மைக்செட்